பூ நசுங்கும் என்று

ஜூலை 1, திங்கள்

இன்று முதல் நானும் ஒரு மேடம்.

காலையில் மருத்துவமனை வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டுமா வேண்டாமா என்று முழித்துக்கொண்டு நின்றபோது ஒரு பெரியவர் வந்து, "மேடம், காது டெஸ்ட் எங்க எடுக்காவ?" என்று கேட்டார். எனக்கும் அதுதான் தெரியவில்லை. ஆனால் மேடம் என்று கூப்பிட்டவரைக் கைவிடலாமா? "நேரா போயி வலது பக்கம்" என்று கையைக் காட்டினேன். அது கழிப்பறை என்பது எனக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் தெரிந்தது.

கல்லூரியில் பயிற்சிக்கு அனுப்பும்போது எங்களை உட்கார வைத்து, "நம்பிக்கையோடு பேசுங்கள். நீங்கள் தயங்கினால் வருகிறவர் பயந்துவிடுவார்" என்றார்கள். மற்றவர்களுக்கு அது அறிவுரை. எனக்குத் தேவையே இல்லை. நான் பேசத் தொடங்கிய நாளிலிருந்தே அப்படித்தான் பேசுகிறேன் என்று உம்மா சொல்வாள்.

வாப்பா தைத்துக் கொடுத்த வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். மேலப்பாளையத்தில் இருபது வருடமாகத் தையல் கடை வைத்திருப்பவருக்கு ஒரு கோட்டில் எத்தனை பை வைப்பது என்று தெரியாதா? ஆறு வைத்திருக்கிறார்.

"எதுக்கு வாப்பா இத்தன?"

"டாக்டர்மாருக்கு என்னென்ன வேணுமோ, யாரு கண்டா."

"நான் டாக்டர் இல்ல வாப்பா. காது கேக்குதான்னு பாக்கிற படிப்பு. அதுவும் இன்னும் முடிக்கல."

"அப்ப முடிச்ச பொறவு ரெண்டு பை கூட வச்சுத் தாரேன்."

என் பொறுப்பாளர் பெயர் டெய்சி. முப்பது வயதுகூட இருக்காது. பேசுவதைவிட அதிகமாகத் தும்முகிறார். ஆறு வாரம் அவரிடம்தான்.

ஜூலை 2, செவ்வாய்

கழிப்பறைப் பெரியவர் இன்றும் வந்தார். தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

ஜூலை 4, வியாழன்

சின்னக் குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? "கேட்டால் கையைத் தூக்கு" என்று சொல்ல முடியாது. அதனால் வெளிச்சத்தம் புகாத ஒரு சிறிய அறையில் அம்மா மடியில் குழந்தையை உட்கார வைப்போம். இடப்பக்கம் ஒரு ஒலிபெருக்கி, வலப்பக்கம் ஒன்று. கண்ணாடிக்கு இந்தப் புறம் நான் பொத்தானை அழுத்துவேன். சத்தம் வந்த பக்கம் குழந்தை திரும்பினால் அங்கே ஒரு குரங்குப் பொம்மை விளக்கெரிந்து கைதட்டும். குழந்தைக்குப் பரிசு.

அம்மாவுக்கும் ஒரு பெரிய ஹெட்போனை மாட்டி உள்ளே பாட்டை ஓடவிட்டுவிடுவோம். சத்தம் எப்போது வருகிறது என்று அம்மாவுக்குத் தெரியக் கூடாதாம். "அம்மாவுக்கு மாட்டாம ஆரம்பிக்காத" என்று டெய்சி மேடம் இரண்டு தும்மலுக்கு நடுவில் சொன்னார். சரி என்றேன். இதெல்லாம் புத்தகத்திலேயே படித்ததுதான்.

இன்று நான்கு குழந்தைகள். ஒன்று என் கோட்டில் வாந்தி எடுத்தது. நல்லவேளை, பையில் இல்லை.

ஜூலை 5, வெள்ளி

இன்று ஒரு அம்மாவைச் சிரிக்க வைத்து அனுப்பினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக இந்தப் படிப்பைப் படித்ததற்குச் சந்தோஷப்பட்டேன்.

பெயர் மாரிச்செல்வி. சங்கரன்கோவிலில் பூக்கடை. என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். தலை நிறைய மல்லிகை, இரண்டு காதுக்கு மேலும் வழிந்துகொண்டிருந்தது. இடுப்பில் ஒன்றரை வயதுப் பிள்ளை கோமதிஸ்ரீ. இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை.

"என்னம்மா பிரச்சனை?" என்று பெரிய மனுஷி போலக் கேட்டேன்.

"எம் பிள்ளைக்கு ஒரு பிரச்சனையும் இல்ல மேடம். எங்க அத்ததான் பிள்ள செவிடு, செவிடுன்னு தெரு பூரா சொல்லிக்கிட்டுத் திரியுதாவ. இல்லன்னு நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும்."

கோமதிஸ்ரீக்கு என்னை ரொம்பப் பிடித்துவிட்டது. நான் பேசப் பேச என் வாயை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

டெய்சி மேடத்தைப் பக்கத்து அறைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். "நீ ஆரம்பி, வந்து பாக்கேன்" என்று போனார். ஹெட்போனை எடுத்து மாட்டப் போனபோது மாரிச்செல்வி தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"மேடம், பூ நசுங்கிரும். இங்கருந்து நேரா நெல்லையப்பர் கோயிலுக்குப் போறேன்."

அவ்வளவு அழகான பூ. வெள்ளிக்கிழமை வேறு. "சரிக்கா, வேண்டாம். அசையாம மட்டும் உக்காந்துக்கோங்க" என்றேன்.

அவர் அசையவே இல்லை. ஒவ்வொரு சத்தத்துக்கும் பிள்ளையைச் சுற்றியிருந்த கைகளில் சத்தம் வந்த பக்கத்துக் கை மட்டும் கொஞ்சம் இறுகியது, பாவம், அவ்வளவு பயம். கோமதிஸ்ரீயோ ஒன்றுவிடாமல் திரும்பினாள். இடப்பக்கம் போட்டால் இடப்பக்கம். வலப்பக்கம் போட்டால் வலப்பக்கம். குரங்கு கைதட்டித் தட்டிச் சலித்துப்போனது.

டெய்சி மேடம் திரும்பி வந்தபோது பிள்ளை அழ ஆரம்பித்துவிட்டது. மறுபடி பார்க்க முடியவில்லை. தூங்க வைத்து, தலையில் ஒயர் ஒட்டி, காதிலிருந்து மூளைக்குச் சத்தம் போகிறதா என்று பார்க்கும் டெஸ்ட் ஒன்று இருக்கிறது. "அடுத்த வியாழக்கிழமை அதுக்கு வரச் சொல்லு" என்றார்.

வெளியே வந்து மாரிச்செல்வியிடம் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது. "இன்னொரு டெஸ்ட்டா?"

"அதெல்லாம் சும்மா முறைக்குத்தான்க்கா. நல்லா கேக்கு. நானே பாத்தேன்லா."

அவர் என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தலையிலிருந்து ஒரு துண்டு பூவைக் கிள்ளி நீட்டினார். எனக்கோ தலையில் முக்காடு. பார்த்தார், சிரித்தார், கோட்டுப் பையில் போட்டுவிட்டார்.

வாப்பாவிடம் சொன்னேன், பை வைத்தது வீண்போகவில்லை என்று.

ஜூலை 8, திங்கள்

பூ வாடிவிட்டது. எடுத்துப் போட மனம் வரவில்லை. இன்று டெய்சி மேடம் ஒரு தாத்தாவுக்கு நான் டெஸ்ட் எடுத்ததைப் பார்த்துவிட்டு, "பரவாயில்ல" என்றார். அவர் அகராதியில் அது பெரிய வார்த்தை.

ஜூலை 11, வியாழன்

மாரிச்செல்வி வரவில்லை. "போன் பண்ணிக் கேளு" என்றார் மேடம். நாளைக்குக் கேட்க வேண்டும்.

ஜூலை 12, வெள்ளி

கேட்டேன்.

"நாங்க எதுக்கு மேடம் வரணும்? நீங்கதான் நல்லா கேக்குன்னுட்டியள்லா!" பின்னால் ஒரே மேளச்சத்தம். ஆடித்தபசுத் திருவிழா அங்கே தொடங்கிவிட்டது. "எங்க அத்த வாயே தொறக்கல மேடம். தபசு அன்னைக்கு அம்மனுக்கு மாவௌக்கு எடுக்கேன்னு நேந்திருக்கேன். உங்களுக்கும் சேத்துக் கும்பிட்டுக்கிடுதேன்."

அவ்வளவு சந்தோஷமாக ஒருத்தர் பேசும்போது குறுக்கே என்ன சொல்வது? "சரிக்கா" என்றேன். டெய்சி மேடத்திடம், அவங்களுக்கு இப்போ தோதுப்படலையாம் என்று சொல்லிவைத்தேன். அது பொய்யில்லை. பூ யாவாரத்துக்குத் திருவிழா நேரம்தானே.

ஜூலை 14, ஞாயிறு

என் கூடப்பிறந்த ராத்தா வீட்டுக்குப் போனேன். அவள் மகன் ஹம்தானுக்கு எட்டு மாதம். அவனை என் மடியில் போட்டுவிட்டு அவள் சமைக்கப் போனாள். நான் காதில் இயர்போனைச் செருகி, பாட்டைக் கூட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கொஞ்சநேரத்தில் நான் சட்டென்று சமையலறைப் பக்கம் திரும்பினேன். ராத்தா தரையிலிருந்து இட்லிச் சட்டி மூடியை எடுத்துக்கொண்டிருந்தாள். உதடு அசைந்தது. இயர்போனைக் கழற்றினேன்.

"என்னளா அப்படிப் பாக்க? மூடிதான் விழுந்துச்சு."

மூடி விழுந்தது எனக்குக் கேட்கவில்லை. பாட்டைத் தவிர எதுவுமே கேட்கவில்லை. பிறகு ஏன் திரும்பினேன்?

மடியில் ஹம்தான் திடுக்கிட்டுத் திரும்பியிருந்தான். அவன் உடம்பு அசைந்தது என் கைக்குத் தெரிந்து நான் திரும்பியிருக்கிறேன்.

ராத்தா டீ கொண்டுவந்து வைத்தாள். அது ஆறி ஆடை கட்டிவிட்டது என்று அப்புறம் திட்டினாள். நான் அவனைப் பிடித்திருந்த என் கையையே பார்த்துக்கொண்டிருந்தேனாம்.

கோமதிஸ்ரீக்குக் கேட்டிருக்கும். நிச்சயம் கேட்டிருக்கும்.

ஜூலை 15, திங்கள்

டெய்சி மேடத்துக்கு இன்று ஜலதோஷம் ரொம்ப அதிகம். இந்த நேரத்தில் போய் எதையாவது சொல்லித் தொந்தரவு செய்யக் கூடாது.

ஜூலை 16, செவ்வாய்

சொல்லிவிட்டேன். ஹெட்போன் மாட்டாததை, நல்லா கேக்கு என்று சொன்னதை, தோதுப்படலை என்று புளுகியதை, எல்லாவற்றையும்.

அவர் கத்துவார் என்று நினைத்தேன். மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நான் வந்து பாத்தப்பவாவது சொல்லியிருக்கலாமே, நஸ்ரின்" என்றார். அப்புறம், "நானும் உன்னத் தனியா விட்டுட்டுப் போயிருக்கக் கூடாது" என்றார். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இந்த வயதில் ஒவ்வொரு மாதமும் முக்கியம். எவ்வளவு சீக்கிரம் சத்தம் காதுக்குள் போகிறதோ அவ்வளவுக்கு அவ்வளவு பேச்சு வரும். இது எனக்கு நன்றாகத் தெரியும். தேர்வில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

மேடம் தன் போனிலிருந்து கூப்பிட்டார். "எங்க மேடம் பாத்துச் சொல்லிட்டாவ" என்று மாரிச்செல்வி வைத்துவிட்டார். எங்க மேடம் என்பது நான்.

வீட்டில் வாப்பாவிடம் சொன்னபோது அழுதேன். அவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டார். "நாளைக்கு லீவுதான? சங்கரன்கோவிலுக்கு எத்தன மணிக்கு பஸ்ஸு?"

ஜூலை 17, புதன்

மொஹரம் விடுமுறை. வாப்பாவும் நானும் நோன்பு. பஸ் ஜன்னலில் அனலாக அடித்தது. நான் என்ன பேச வேண்டும் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். ஒன்றுகூட நல்ல வாக்கியமாக வரவில்லை.

கோயில் தெருவில் பூக்கடை. மாரிச்செல்வியும் அவர் மாமியாரும் எதிரெதிரே உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் மாரிச்செல்வி எழுந்தே விட்டார். "அத்த, நான் சொன்னேன்லா, இவியதான்!" பக்கத்துக் கடைக்குக் குரல் கொடுத்து இரண்டு கலர் சோடா கொண்டுவரச் சொன்னார். வேண்டாம்க்கா, நோன்பு என்றேன்.

"அக்கா, நான் அன்னைக்குத் தப்பா சொல்லிட்டேன்."

"என்ன தப்பு? பிள்ள திரும்புனாளா இல்லியா? நீங்கதான பாத்திய?"

அந்த மாமியாருக்கு முன்னால் அதை எப்படிச் சொல்வது? ஆனால் அவருக்கு முன்னால்தான் சொல்ல வேண்டியிருந்தது. பிள்ளையைத் தனியாகப் பாயில் உட்கார வைக்கச் சொன்னேன். அவள் ஒரு வாழைநாரைப் பிடித்து இழுத்து விளையாடிக்கொண்டிருந்தாள். வாப்பா அவளுக்குப் பின்னால் போய், காலி வாளியைத் தூக்கிக் கல்தரையில் போட்டார். தெருவில் சைக்கிளில் போனவர் பிரேக் பிடித்துத் திரும்பிப் பார்த்தார். கோமதிஸ்ரீ நாரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெளாட்டு மும்முரம்" என்றார் மாரிச்செல்வி. அவர் குரல் மாறிவிட்டது.

"இப்ப மடியில வைங்கக்கா."

வைத்துக்கொண்டார். வாளி விழுந்தது. மாரிச்செல்வியின் தோள் குலுங்கியது. பிள்ளை திரும்பிப் பார்த்தாள்.

மாரிச்செல்வி மெதுவாகக் குனிந்து, பிள்ளையின் வயிற்றைச் சுற்றி இறுகியிருந்த தன் கையைப் பார்த்தார். நான் மேற்கொண்டு விளக்க வேண்டியிருக்கவில்லை.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா."

"எனக்கு அன்னைக்குத் தெரியாதுக்கா."

"தெரியாதுன்னு சொல்லியிருக்கலாம்லா."

பிள்ளையைப் பாயில் இறக்கிவிட்டுக் கடைக்குப் பின்னால் போய்விட்டார். மாமியார் ஏதாவது சொல்லுவார் என்று பயந்தேன். அவர் கட்டிக்கொண்டிருந்த சரத்தைக் கீழே வைத்துவிட்டுப் பேத்தியைத் தூக்கிக்கொண்டார். "இந்த வாய் சொன்னது பொய்யாப் போயிருக்கக் கூடாதா" என்று மட்டும் சொன்னார்.

ரொம்ப நேரம் கழித்து மாரிச்செல்வி வந்தார். முகத்தைக் கழுவியிருந்தார். வாப்பாவைப் பார்த்து, "நோன்ப வச்சுக்கிட்டா இம்புட்டுத் தூரம் வந்திய?" என்றார்.

டெஸ்ட்டுக்கு வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

ஜூலை 19, வெள்ளி

வரவில்லை. இன்று ஐந்து அம்மாக்கள். ஐந்து பேருக்கும் ஹெட்போன் மாட்டினேன். ஒருவர் கொண்டையை அவிழ்க்க மாட்டேன் என்றார். அவிழ்க்கும்வரை ஆரம்பிக்கவில்லை.

ஜூலை 21, ஞாயிறு

இன்று தபசு. மாவிளக்கு எடுத்திருப்பாரா?

ஜூலை 22, திங்கள்

மாரிச்செல்வி எட்டரை மணிக்கே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மாமியார்.

கோமதிஸ்ரீ தூங்கினாள். ஒயர் ஒட்டினோம். திரையில் கோடுகள் ஓடின. இதில் மடி உதவி செய்ய முடியாது.

"கேக்குதா மேடம்?" என்று என்னிடம்தான் கேட்டார். டெய்சி மேடம் பக்கத்தில் இருக்கும்போதும் என்னிடம்.

"எனக்குத் தெரியலக்கா. மேடம் முழுசாப் பாத்துச் சொல்லட்டும்."

இதைச் சொல்ல ஒன்றும் கஷ்டமாக இல்லை. ஆறே வார்த்தை.

இரண்டு காதிலும் கேட்கும் திறன் ரொம்பக் குறைவு. பெரிய சத்தம் மட்டும் கொஞ்சம் போகிறது. கருவி வைத்தால் பலன் இருக்கும் என்று டெய்சி மேடம் நினைக்கிறார், எவ்வளவு என்பது வைத்துப் பார்த்தால்தான் தெரியும். மாரிச்செல்வி எல்லாவற்றையும் கேட்டுத் தலையாட்டினார். அழவில்லை. மாமியார்தான் அழுதார்.

போகும்போது என்னிடம் வந்தார். "மாவௌக்கு எடுத்துட்டேன் மேடம். நேந்தது நேந்ததுதான். தப்பு யாரு பேர்லன்னு அம்மனுக்குத் தெரியும்." அப்புறம் ஒரு நொடி விட்டு, "உங்க பேரச் சொல்லித்தான் வச்சேன்" என்றார்.

கும்பிட்டாரா, புகார் சொன்னாரா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஆகஸ்ட் 2, வெள்ளி

கருவி பொருத்தினோம். முதலில் மருத்துவமனையின் கருவியைத்தான் வைத்துப் பார்க்கக் கொடுப்பார்கள். கோமதிஸ்ரீ அதைப் பிடுங்கி வாயில் போட்டாள். மறுபடி வைத்தோம். மறுபடி வாய். "பூவையும் இப்படித்தான் மேடம் திங்கா" என்றார் மாரிச்செல்வி. வீட்டில் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டச் சொல்லி அனுப்பினோம்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

கடைசி நாள். காலையில் வாப்பா கோட்டுக்கு இஸ்திரி போட்டுத் தந்தார்.

மாரிச்செல்வி வந்தார். தலை நிறைய மல்லிகை, அன்று போலவே. நான் வாயைத் திறக்கும் முன்னால் அவரே ஹேர்பின்னை உருவி, சரம் முழுவதையும் கழற்றி, சுருட்டி, என் கோட்டுப் பையில் திணித்தார். ஒரு பையில் கொள்ளவில்லை. இரண்டு பையில் போட்டார்.

"மாட்டுங்க மேடம்."

மாட்டினேன். பாட்டைக் கூட்டினேன். "கேக்குதாக்கா?" என்று கண்ணாடிக்கு இந்தப் புறமிருந்து கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல் நேரே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோமதிஸ்ரீயின் இரண்டு காதிலும் கருவி. மடியில் முன்பக்கம் பார்த்து உட்கார்ந்து கால் ஆட்டினாள். டெய்சி மேடம் என் பின்னால் நின்றார். ஆச்சரியம், தும்மவில்லை.

இடப்பக்கம் அழுத்தினேன். ஒன்றும் இல்லை.

கொஞ்சம் கூட்டினேன். ஒன்றும் இல்லை. மாரிச்செல்வியின் கை தளர்ந்தபடியே இருந்தது. இந்தத் தடவை அந்தக் கைக்கு ஒன்றும் தெரியாது.

இன்னும் கூட்டினேன். ஆடிக்கொண்டிருந்த கால் நின்றது. கோமதிஸ்ரீ இடப்பக்கம் திரும்பினாள். குரங்கு கைதட்டியது.

மடியில் பிள்ளை திரும்பியது மாரிச்செல்விக்குத் தெரிந்துவிட்டது. ஹெட்போன் மாட்டியிருப்பவர்களுக்குத் தங்கள் குரல் எவ்வளவு பெரிது என்று தெரியாது. அறையே அதிரும்படி, "கோமதீ!" என்று கத்திவிட்டார்.

கோமதிஸ்ரீ குரங்கை விட்டுவிட்டு, கழுத்தை வளைத்து, அண்ணாந்து அம்மாவைப் பார்த்தாள்.

நான் ஓடிப்போய்க் கதவைத் திறந்து ஹெட்போனைக் கழற்றினேன். மாரிச்செல்வி கன்னமெல்லாம் நனைந்து பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டாவது என்ன சத்தம் போட்டிய மேடம்? என்னைய ஏன் பாக்கா?"

"ரெண்டாவது நான் ஒண்ணும் போடலக்கா" என்றேன். "நீங்கதான் கூப்பிட்டிய."